நோயறி கேபிளுக்கு நேரும் நோய்: ஓர் ஆய்வு

காரின் ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள 16 துளைச் சாக்கெட்டில் செருகி, இன்ஜினின் குறைகளைக் கணினிக்குச் சொல்லும் கேபிள் தானே நோயில் விழுவது இக்கட்டுரையின் ஆய்வுப்பொருள். அமெரிக்காவில் 1996 மாடல் கார்களிலிருந்தும், ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001 முதலும் காரைச் சோதிக்கும் வழி கட்டாயமானது. கேபிளைச் சோதிக்க எந்த அரசும் வழி செய்யவில்லை.

நோயின் முதல் அறிகுறி, இன்டர்ஃபேஸ் கிடைக்கவில்லை என்னும் திரைச்செய்தி. உடையவரின் ஐயம் உடனே கார்மீது பாயும். பேட்டரி டெர்மினலைக் கழற்றி மாட்டுவார். மின்னழுத்தக் குறைவு என்று காரின் நினைவில் புதிய பிழைக்குறி ஒன்று ஏறுவதே மிச்சம். அடுத்து லேப்டாப், பிறகு யுஎஸ்பி டிரைவர். கேபிளின் முறை கடைசியில்தான் வரும். மலிவாக வாங்கிய பொருளைக் குறை சொன்னால், வாங்கிய சாமர்த்தியத்தையும் சேர்த்துக் குறை சொல்ல வேண்டிவரும் அல்லவா?

கேபிள் நோய் இருவகை. ஒயர் அறுவது உடல்நோய். அதற்குச் சால்டரிங் போதும், ஆய்வு வேண்டாம். மற்றது நினைவுநோய். ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா வகைக் கார்களுக்கான பழைய போலிக் கேபிள்கள் பலவற்றில் இருப்பது ஏடிமெகா162 மைக்ரோகண்ட்ரோலர்: 16 கிலோபைட் ஃபிளாஷ், 512 பைட் ஈப்ராம். அசல் மென்பொருளின் புதிய பதிப்பைக் கண்டதும் போலி ஊமையாவது இந்நோயின் பிரசித்தமான வரலாறு.

சிப்பின் நினைவை அழித்துத் திரும்ப எழுதுவதே சிகிச்சை. அதற்கு யுஎஸ்பிஏஎஸ்பி போன்ற சிறு புரோகிராமரும் ஆறு ஒயர்களும் வேண்டும்: மோசி, மிசோ, எஸ்சிகே, ரீசெட், 5 வோல்ட், கிரவுண்ட். அப்போது கேபிள் காரில் இருக்கக் கூடாது. முதலில் சிப்பின் அடையாளத்தைக் கேட்க வேண்டும். 1இ 94 04 என்று பதில் வந்தால் உயிர் இருக்கிறது. வெறும் பூஜ்யங்கள் வந்தால் மரணச் சான்றிதழ் எழுத அவசரப்படலாகாது. மோசியும் மிசோவும் இடம் மாறியிருக்கலாம், கிரவுண்ட் ஆடிக்கொண்டிருக்கலாம், எஸ்சிகே வேகம் சிப்பின் கடிகார வேகத்தில் கால்பங்கைத் தாண்டியிருக்கலாம்.

அழிப்பதற்குமுன் பழைய நினைவைப் படியெடுக்க வேண்டும் என்பது ஒரு சாரார் கொள்கை. கொள்கையில் குறையில்லை, ஆனால் சிப் பெரும்பாலும் பூட்டப்பட்டிருக்கும். பூட்டிய சிப்பைப் படித்தால் 00, 01, 02 என ஏறுவரிசையில் எண்கள் வருவதுண்டு. அதையும் இரண்டு பென்டிரைவில் பத்திரப்படுத்தும் மரபினர் இத்துறையில் இருக்கிறார்கள். பூட்டு திறக்க ஒரே வழி முழு அழிப்பு. ஆகவே கேபிளுக்குப் பொருந்தும் ஃபர்ம்வேர் கையில் இல்லாமல் அழிப்பில் இறங்குவது மடமை.

அழித்தபின் ஃபியூஸ் பிட்டுகள், ஃபிளாஷ், ஈப்ராம் என்ற வரிசையில் எழுதிச் சரிபார்ப்பது வழக்கம். ஆபத்து ஃபியூஸில் இருக்கிறது. அதில் கடிகார மூலத்தைத் தவறாகக் குறித்துவிட்டால், போர்டில் இல்லாத கடிகாரத்துக்காகச் சிப் காத்துக் கிடக்கும். வெளியிலிருந்து துடிப்பு கொடுக்கும்வரை புரோகிராமருக்கும் மசியாது. எழுதும் வேலையோ சில நொடிகளில் முடிந்துவிடும்.

தேறிய கேபிளுக்கு ஒரே பத்தியம், மென்பொருளைப் புதுப்பிக்கக் கூடாது என்பது. ஃபிளாஷை 10,000 முறை அழித்தெழுதலாம் என்கிறது சிப்பின் விவரத்தாள். பத்தியம் மீறுவோருக்கும் தாராளமாகவே இடம் விட்டிருக்கிறார்கள்.