அடுக்களைப் புதுப்பியல்: ஓர் அகழாய்வு அறிக்கை

கோயிலுக்கு 12 ஆண்டுக்கு ஒருமுறை குடமுழுக்கு உண்டு. கண்மாய்க்குக் குடிமராமத்து உண்டு. தேருக்கு வடம் மாற்றக்கூட ஒரு கணக்கு உண்டு. மூன்று வேளையும் நெருப்பும் நீரும் எண்ணெயும் புழங்குகிற அடுக்களையை எப்போது செப்பனிட வேண்டும் என்பதற்கு மட்டும் நூல்விதி எதுவும் நம் கைக்கு வந்து சேரவில்லை. எனவே இத்துறையில் இறங்குவோர் வழக்காற்றைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது. வழக்காற்றின்படி பழைய வீட்டு அடுக்களை இரண்டே காரணங்களால் இடிபடும். ஒன்று, வீட்டுக்கு மருமகள் வருவது. மற்றது, வெளிநாட்டிலிருக்கும் மகன் லீவுக்கு வந்து, "எப்படித்தான் இதுக்குள்ள கெடந்து வேகுதீங்களோ" என்று கேட்டுவிட்டுப் போவது. கரையான், ஓதம், ஒழுகல், எலி ஆகியவற்றையும் சிலர் காரணமாகச் சொல்வர். அவையெல்லாம் வீடு கட்டிய நாளிலிருந்து அங்கேயே குடியிருப்பவை; ஆதலால் அக்கூற்று ஏற்புடையதன்று.

ஆய்வுக்களம்

நெல்லைச் சீமையின் பழைய வீடு ஒன்று. தெருவிலிருந்து திண்ணை, தார்சா, பட்டாசல், ஓர் இருட்டறை, அதற்கப்புறம் அடுக்களை, புறவாசல், கிணறு என்று ஒரே நேர்கோட்டில் ஓடுகிற வகை. அடுக்களைக்கு இருப்பது ஒரே சன்னல். அதையும் பாதி மறைத்துக்கொண்டு ஒரு குதிர். வெளிச்சம் வருவது ஓட்டுக்கூரையில் பதித்த கண்ணாடி ஓடு வழியாக. அந்த வெயில்துண்டு காலையில் உப்புப் பரணியின்மேல் விழும். மெல்ல இறங்கி அம்மியைத் தொட்டால் உலை வைக்கும் நேரம். இவ்வீட்டில் ஆச்சி கடிகாரம் பார்த்துச் சமைத்ததற்குச் சான்று ஏதும் இல்லை. கடிகாரம் பட்டாசலில் ஆண்கள் பார்ப்பதற்காக மாட்டப்பட்டிருந்தது.

முந்தைய ஆய்வுகள்

இத்துறைக்கு முதல்நூல் செய்தவர் மார்கரெட் ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற வியன்னாக்காரப் பெண் கட்டடக்கலைஞர். 1926இல் ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரக் குடியிருப்புகளுக்காக அவர் வரைந்த அடுக்களையின் அகலம் 1.9 மீட்டர், நீளம் 3.4 மீட்டர். ரயிலின் உணவுப்பெட்டியில் அத்தனை சிறிய இடத்தில் எப்படிச் சமைக்கிறார்கள் என்பதைப் பார்த்து அமைத்தது. ஏறத்தாழ 10,000 வீடுகளில் அதையே அச்சுப் பிசகாமல் கட்டினார்கள். இன்று பேனர்களில் பளபளக்கும் மாடுலர் கிச்சனுக்கு அதுவே மூதாதை. பின்னாளில் அந்த அம்மையாரே ஒன்றை ஒப்புக்கொண்டார்: அதை வரைந்த காலத்தில் அவருக்குச் சமைத்துப் பழக்கமே கிடையாதாம். இச்செய்தியை வாசகர் முடிந்துவைத்துக்கொள்வது நல்லது, பின்னால் தேவைப்படும்.

பிராங்க்பர்ட் அடுக்களையில் மாவுக்கு, சர்க்கரைக்கு, அரிசிக்கு என்று தனித்தனியே பெயர் பொறித்த இழுப்பறைகள் இருந்தன. உள்ளே இருப்பதையே வெளியே எழுதிவைக்கும் இந்த வெள்ளந்தித்தனம் தமிழ் அடுக்களைக்கு ஒத்துவராது. இங்கே ஹார்லிக்ஸ் பாட்டிலில் கடுகு இருக்கும். போர்ன்விட்டா டப்பாவில் வெந்தயம் இருக்கும். பிஸ்கட் டின்னில் கூழ்வற்றல், அதற்கடியில் வட்டிக்கடை ரசீது. டப்பாவின் மேலுள்ள பெயர் அதற்குள் இல்லாத பொருளைக் குறிக்கும் என்பதே நம் மரபின் பொதுவிதி. அஞ்சறைப்பெட்டி இதற்குப் புறனடை. அதில் பெயரே கிடையாது. அடுக்களைக்குள் அந்நியர் எவரும் உதவி என்ற பெயரில் நுழைந்துவிடாதபடி செய்த பாதுகாப்பு ஏற்பாடு இது என்பது இக்கட்டுரையாளர் துணிபு.

அடுத்து, 1940களில் அமெரிக்காவின் இலினாய் பல்கலைக்கழகக் கட்டடக்கலைத் துறையில் உருவான முக்கோணக் கொள்கை. அடுப்பு, கழுவுதொட்டி, பிரிட்ஜ் ஆகிய மூன்றையும் கோடிட்டு இணைத்தால் மூன்று பக்கமும் சேர்ந்து 13 அடிக்குக் குறையவும் கூடாது, 26 அடியைத் தாண்டவும் கூடாது. நம் ஆய்வுக்களத்தில் அடுப்பு அடுக்களையில் இருக்கிறது. பாத்திரம் கழுவுவது கிணற்றடியில். பிரிட்ஜ் பட்டாசலில், ஏனெனில் அது வாங்கியிருப்பது நாலு பேருக்குத் தெரிய வேண்டும், தவிர அதற்குரிய பிளக்கும் அங்கேதான் இருக்கிறது. இதை முக்கோணம் என்பதைவிட நெல்லையப்பர் தேர் சுற்றிவரும் பாதை என்பதே பொருந்தும்.

மண்ணடுக்குகள்

கடப்பாரை விழுந்ததும் மேலடுக்கில் கிடைப்பது சுவரில் ஒட்டிய டைல்ஸ். வெளிர்நீலம். இடையிடையே பழக்கூடைப் படம் போட்டது: ஒரு திராட்சைக் கொத்து, ஓர் ஆப்பிள், அந்த வீட்டு வாசலை ஒருநாளும் மிதித்திராத ஒரு பேரிக்காய். பேரிக்காயைக் கொண்டு இவ்வடுக்கு 1990களுக்கு உரியது எனக் கணிக்கலாம். பழக்கூடை தென்பட்டால் அதே மட்டத்தில், பிசுக்கேறிச் சுற்ற மறந்த எக்ஸாஸ்ட் பேன் ஒன்றும் கிடைத்தே தீரும்.

அதற்குக் கீழே கடப்பாக்கல் மேடை. அதற்கும் கீழே, தரையோடு தரையாக, கொடியடுப்பு சேர்ந்த மண் அடுப்பு. அதன் பின்சுவரில் விரல் நகம் பதியும் கனத்துக்குப் புகைக்கரி.

இதுகாறும் அடுக்களை வரலாற்றை விறகு, மண்ணெண்ணெய், எரிவாயு என்று எரிபொருளை வைத்துப் பகுத்தார்கள். இக்கட்டுரையாளர் அதை மறுக்கிறார். பகுக்க வேண்டியது முழங்காலை வைத்து. உட்கார்ந்து சமைத்த காலம், நின்று சமைக்கும் காலம் என இரண்டே காலங்கள்தாம் உண்டு. அம்மி, ஆட்டுரல், அரிவாள்மணை, மண் அடுப்பு அனைத்தும் உட்கார்ந்தவருக்காகச் செய்தவை. பிறகு எரிவாயு வந்தது. முதல் இந்தேன் இணைப்பு 1965இல் கல்கத்தாவில் கொடுக்கப்பட்டது. நம் ஊர்ப்பக்கம் வந்து சேர்வதற்கு எழுதிவைத்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்துக் கிடந்தார்கள். அடுப்பு சிலிண்டரைவிட உயரத்தில் இருக்க வேண்டும் என்பது பாதுகாப்பு விதி. சிலிண்டரைத் தரையில் வைத்தால் அடுப்பு மேடையேறியாக வேண்டும். அடுப்பு மேடையேறினால் ஆளும் எழுந்து நின்றாக வேண்டும். ஒரு தலைமுறையே தரையிலிருந்து எழுந்தது இந்த 14.2 கிலோவால்தான்.

ஆனால் எழுந்தது அடுப்பு மட்டும். அரிவாள்மணை எழவில்லை, துருவி எழவில்லை. நறுக்க உட்கார்வது, தாளிக்க எழுவது, தேங்காய் துருவ மறுபடி உட்கார்வது, கொதி வந்ததும் மறுபடி எழுவது என்று இரண்டு காலங்களையும் ஒரே குழம்பில் வாழ்ந்தவர்கள் நம் அம்மாக்கள். சிலர் அரிவாள்மணையை மேடைமேல் ஏற்றி, தாமும் ஏறிச் சம்மணமிட்டு நறுக்கினர். இவர்களை இடைநிலைச் சான்றாகக் கொள்ள வேண்டும். கவனிக்க: பிராங்க்பர்ட் அடுக்களையில் சன்னலோரம் உட்கார்ந்து வேலை பார்க்க ஒரு சுழல்முக்காலி உண்டு. அவர்கள் உட்காரக் கற்றுக்கொண்ட பிறகு நாம் நிற்கத் தொடங்கியிருக்கிறோம்.

மேடை உயரம் 32 முதல் 34 அங்குலம் என்கின்றன ஏடுகள். களத்தில் அளவுகோல் வேறு. மேஸ்திரி தம் இடுப்பருகே கையை வைத்து, "இம்புட்டு இருந்தா சரியா இருக்கும்லா" என்கிறார். மேஸ்திரி ஆறடி. ஆச்சி ஐந்தடிக்கும் கீழே. இதனால்தான் பழைய அடுக்களைகள் பலவற்றில் அடுப்புக்கு முன்னால் ஒரு பலகை கிடக்கிறது. அதைப் பூசைப்பொருள் என்று எவரும் மயங்க வேண்டாம்.

ஆட்டுரலைப் பற்றி ஒரு குறிப்பு. ஆட்டுரலில் உரல் நிற்கும், குழவி சுற்றும். கிரைண்டரில் உரல் சுற்றும், குழவி நின்ற இடத்திலேயே உருளும். தத்துவத்தையே தலைகீழாக்கிய கோயம்புத்தூருக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது நியாயந்தான். தலைகீழான ஆட்டுரலை என்ன செய்வது என்பதற்குத்தான் இன்னும் விடை கிடைக்கவில்லை. தூக்க நாலு ஆள் வேண்டும், வாங்க ஓர் ஆளும் இல்லை. புறவாசலில் மழைநீர் நிறைந்து காக்கைக்குக் குளமாகிறது.

சாசனச் சான்றுகள்

கீழடியில் கிடைத்த பானையோட்டில் 'ஆதன்' என்ற பெயர் கீறியிருந்ததை உலகமே வியந்தது. பாத்திரத்தில் பேர் வெட்டுகிற வழக்கம் அன்று தொடங்கி இடையறாமல் வந்திருப்பதை எவர்சில்வர் கடையில் பத்து நிமிடம் நின்ற எவரும் அறிவர். பரணைக் காலி செய்தபோது இறங்கியவை: செப்புக்குடம், சருவச்சட்டிகள், கும்பா, நாழி, உழக்கு, ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிய தூக்குச்சட்டிகள். அவற்றில் ஒரு தூக்கின் கழுத்தோரம் புள்ளி புள்ளியாக, 'ச.மு. வகை கல்யாண அன்பளிப்பு 12-9-74'. இடம் போதாமல் கடைசி எண் மட்டும் கைப்பிடிக் காதுக்கு அடியில் ஒண்டியிருக்கிறது.

இத்தகைய சாசனங்களின் நோக்கம் கொடுத்தவர் புகழைப் பாடுவதன்று. வாங்கியவர் அதையே துணியால் துடைத்து அடுத்த கல்யாணத்துக்குக் கொடுத்துவிடாமல் தடுப்பதே நோக்கம். தடை வெற்றி பெற்றது. அதனால்தான் தூக்கு இன்னும் பரணில் இருக்கிறது. புதுப்பிப்பின்போது பழைய பாத்திரங்களை எடைக்குப் போடலாம் என்ற தீர்மானம் ஒருமனதாக நிறைவேறும். எடைக்காரர் தராசை எடுத்ததும், "இது மட்டும் இருக்கட்டும்" என்று ஒவ்வொன்றாக விலகும். இறுதியில் எடைக்குப் போவது ஒரு நசுங்கிய அலுமினியக் குண்டான்.

சுவரியல்

பழைய சுவரைத் தட்டிப் பார்க்கும் ஒவ்வொரு கொத்தனாரும் முதலில் சொல்லும் வாக்கியம் ஒன்றே: "யாரு அண்ணாச்சி இந்த வேலையப் பாத்தது?" பார்த்தது அவருடைய பெரியப்பா என்று சில வீடுகளில் பின்னர் தெரியவரும். அப்போது சுவர் சற்று நல்ல சுவராகிவிடும்.

இவ்விடத்தில் விளையாட்டை ஒதுக்கி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பழைய சுவர் சுண்ணாம்புச் சாந்தில் எழுப்பியது. சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமிலவாயுவை வாங்கி இறுகுவது. ஈரத்தை உள்வாங்கி வெளியே விட்டுவிடும். அதன்மேல் சிமெண்டை அப்பினால் ஓதம் வெளியேற வழி தெரியாமல் சுவருக்குள்ளேயே மேலே ஏறி, உப்பாகப் பூத்து, பூசியதைப் பொரியப் பொரியத் தள்ளும். பெயின்ட் கடைக்காரரைத் திட்டிப் பயனில்லை. சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்பே பூச வேண்டும், அதற்குத் தெரிந்த ஆள் இன்னும் கிடைக்கிறார்.

மூலைகளின் கதை வேறு. ஒரு சுவரில் மூன்றடி, அடுத்த சுவரில் நான்கடி குறித்தால் குறுக்கே ஐந்தடி வர வேண்டும்; வந்தால் மூலை மட்டம். பழைய அடுக்களையில் ஐந்தடி இரண்டங்குலம் வரும். தொழிற்சாலையில் செய்து வரும் பெட்டிகளோ மூலை பிசகாதவை. ஆகவே பெட்டிக்கும் சுவருக்கும் நடுவே ஒரு முனையில் ஒட்டியும் மறுமுனையில் விரிந்தும் ஓர் இடுக்கு விழும். அதைப் பட்டை வைத்து மூடுவார்கள். மூடுவதற்குள் கரப்பான் பால் காய்ச்சிவிடும்.

வாஸ்துவைப் பொறுத்தவரை அடுப்பு அக்கினி மூலையான தென்கிழக்கில் இருக்க வேண்டும் என்பதோடு நிறுத்திக்கொள்வோம். மேலே பேசினால் அறிக்கை இரண்டு தொகுதியாகிவிடும்.

திட்டக் கூட்டம்

கூட்டம் பட்டாசலில் கூடியது. மகன் துபாயிலிருந்து வாட்ஸ்அப் வீடியோவில். பெரிய மாப்பிள்ளை நேரில். மேஸ்திரி, ஆசாரி, பிளம்பர், கேட்லாக் கொண்டுவந்த பையன். சிம்னிக்கு எத்தனை வேகம், இழுப்பறை தட்டினால் திறக்க வேண்டுமா இழுத்தால் திறக்க வேண்டுமா, கதவு மாதுளை நிறமா சாம்பல் நிறமா என்று விவாதம் நீண்டது. ஆச்சி அடுக்களையில் இருந்தாள். அத்தனை பேருக்கும் காப்பி போட வேண்டியிருந்தது. டம்ளர்களை எடுத்துப் போக வந்தபோது மேஸ்திரிதான் கேட்டார்.

"ஆச்சி, ஒங்களுக்கு எப்படி வேணும்?"

"அங்கணக்குழி அடைக்காம இருந்தாப் போதும்யா."

எல்லோரும் சிரித்தார்கள். வரைபடத்தில் எல்லாம் இருந்தன. வைன் பாட்டில் செருக ஒரு சாய்வுத் தட்டுகூட இருந்தது, அதில் இப்போது சப்பாத்திக் கட்டையும் உருளையும் இருக்கின்றன. அங்கணக்குழி மட்டும் பழைய குழாயோடு பழைய வாட்டத்தில் விடப்பட்டது. வாசகர் முடிந்துவைத்த செய்தியை இப்போது அவிழ்க்கலாம். வியன்னாவாயினும் நெல்லையாயினும் அடுக்களையை வரைகிற கையும் வதக்குகிற கையும் வேறு. ஷூட்டே-லிஹோட்ஸ்கி அதை மறைக்காமல் சொன்னார். நம் பட்டாசல்களில் சொல்வதில்லை.

விளைவு

பால் காய்ச்சியாயிற்று. கேக்கும் வெட்டியாயிற்று, காணொளியில் மகன் கைதட்ட. மறுநாள் நெத்திலிக் கருவாடு பொரிக்க முற்பட்டபோது, "புது டைல்ஸ்ல எண்ணெ தெறிக்கும், வெளிய வச்சுக்கலாம் அத்தை" என்றாள் மருமகள். அவள் சொன்னதிலும் பிழையில்லை, துடைக்கப்போவது அவள்தான். கருவாட்டைத் தொடர்ந்து அப்பளம் வெளியே போனது. பிறகு மிளகாய் வறுப்பது, பிறகு பருப்பு வடை, பிறகு சாம்பார்ப்பொடி. புறவாசலில் ஒரு தகரச் சாய்ப்பு இறங்கியது. பழைய கேஸ் அடுப்பு அங்கே போனது. இடித்த கடப்பாக்கல்லை எடைக்காரர் எடுக்காததால் அதுவும் போய் ஒரு மேடையாயிற்று. அம்மி ஏற்கெனவே அங்கேதான் கிடந்தது. மாடுலர் கிச்சனில் இப்போது காப்பி போடுகிறார்கள், வந்தவர்களுக்குக் காட்டுகிறார்கள்.

சாய்ப்பு கட்டிய கொத்தனார் அதன் மேடை உயரத்தை ஆச்சியிடமே கேட்டார். ஏனெனில் வேறு யாரும் அங்கே வந்து நிற்கவில்லை. அவள் கையை வைத்துக் காட்டிய இடம் தரையிலிருந்து 28 அங்குலம். அங்கணக்குழிக்கு வாட்டம் பார்க்க ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றி, தேங்கிய இடத்தைக் கால் பெருவிரலால் காட்டி, மறுபடி பூசச் சொன்னாள். தண்ணீர் நிற்காமல் ஓடும்வரை ஆளை விடவில்லை. பலகை போடாமல் நின்று சமைக்கக்கூடிய இந்த அடுக்களையை எந்தக் காலத்தில் வைப்பது என்பது தனி ஆய்வுக்குரியது. அதற்காக இக்கட்டுரையாளர் அளவுநாடாவும் குறிப்பேடுமாகச் சாய்ப்புக்குள் நுழைந்தார். அன்று சொதி. தேங்காய்ப்பால் மூன்று தடவை பிழிய வேண்டியிருந்தது. "சும்மாதான நிக்கே, இந்தா" என்று அரைமூடியும் துருவியும் கைக்கு வந்தன. அத்தோடு களப்பணி தடைபட்டது.