நிக்காத வண்டிக்கு நெத்திச்சுட்டி

வா கண்ணு, உன்ற அம்பாசிடருக்கு முன்னால டிஸ்க் பிரேக் போடப் போறியாமா? பேஷ். பம்பருக்குக் குரோம் பூசியாச்சு, டேஷ்போர்டுல தலையாட்டற பொம்மை வெச்சாச்சு. வண்டி நிக்கறது ஒண்ணுதான் பாக்கி. அதையும் கடைசியிலயாச்சும் நெனச்சியே, உன்ற புத்திய மெச்சத்தான் வேணும்.

அது 1957-லிருந்து 2014 வரைக்கும் வங்காளத்து உத்தர்பாராவுல செஞ்ச வண்டி. டன்னுக்கு மேல எடை. ரொம்பக் காலம் நாலு சக்கரத்துக்கும் டிரம்முதான். அதை வெச்சுக்கிட்டே ஒறம்பரைய ஏத்திக் கொல்லிமலை போய் வந்தவங்க எத்தனையோ பேரு. எழுபது கொண்டை ஊசி வளைவையும் செகண்ட் கியர்ல, இஞ்சினாலயே வண்டியப் புடிச்சுக்கிட்டு எறங்குவாங்க. நீ நியூட்ரல்ல விட்டு பெட்ரோல் மிச்சம் புடிக்கற ஆளு. பிரேக்கை மிதிச்சு மிதிச்சே சூடேறுனா டிரம்மு விரிஞ்சுக்கும், லைனிங்கும் புடிமானத்த விட்டுரும். பெடல் மட்டும் கீழ போகும், வண்டி அது பாட்டுக்குப் போகும்.

டிஸ்க்குக்கு அந்தத் தொல்லை கொறச்சல். வெளிய கெடக்கற தட்டு, காத்துல சீக்கிரம் ஆறிக்கும். 1953-ல லெ மான்ஸ் பந்தயத்துல ஜாகுவார்காரன் செயிச்சதுல இந்தத் தட்டுக்கும் பங்கு உண்டு. அவன் மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல பறந்தான். நீ பால் சொசைட்டிக்குப் போற.

ஒரே தடவ சடன் பிரேக் அடிக்கறதுக்கு, ஒழுங்கா அட்ஜஸ்ட் பண்ணுன டிரம்மே சக்கரத்தப் பூட்டிப்போடும். அதுக்கு மேல நிறுத்தறது டயரு. உன்ற டயரு பக்கமெல்லாம் வெடிப்பு விட்டுக் கெடக்கு. அதுக்கு என்ன பிரேக் போட்டு என்ன?

சரி, போட்டே தீருவேங்கற. அப்பக் கேட்டுக்க. டிரம்மு சுத்தறப்ப ஷூவைத் தன்னால இழுத்து ஒட்ட வெச்சுக்கும், கால்ல பாதி வேலை மிச்சம். டிஸ்க்குல அந்தத் தயவு கெடையாது. பூஸ்டர் இல்லாமப் போட்டீன்னா பெடலை மிதிக்க மச்சானையும் கூட்டிக்கிட்டுப் போகணும். டிஸ்க்கக் கவ்விப் புடிக்கற காலிபரோட பிஸ்டன் பெருசு, ஆயிலை எச்சாக் கேக்கும். பழைய மாஸ்டர் சிலிண்டர் அதுக்கு ஈடு குடுக்காட்டி பெடல் தரையத் தொடும். டிரம் லைனுல சித்தெ அழுத்தத்தத் தேக்கி வெக்கற வால்வு இருந்தா, அதையும் கழட்டச் சொல்லு. இல்லாட்டி பேடு டிஸ்க்க விட்டு விலகாம உரசிக்கிட்டே வந்து காந்திரும்.

மாஸ்டரை மாத்தறதுதான் மாத்தற, ரெட்டைச் சர்க்யூட்டாப் போட்டுரு. பழைய ஒத்தை லைனுல ஒரு ஹோஸ் வெடிச்சா நாலு சக்கரத்துப் பிரேக்கும் ஒட்டுக்காப் போயிரும். அப்பறம் கைபிரேக்கும் கொலசாமியுந்தான் தொணை. ஹோஸும் புதுசு வேணும். சுண்டைக்கா கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்! நீ காலிபருக்கு மட்டும் வெலை பேசிட்டு வந்திருக்க.

பின்னாலயும் டிஸ்க் போடலாம்னு ஒருத்தன் ஆசை காட்டுவான். பிரேக் போட்டா பாரம் முன்னால சாயும், பின்சக்கரம் லேசாகும். அது முந்திப் பூட்டிக்கிட்டா வால் சுத்தி, வண்டி வந்த வழியப் பாத்து நிக்கும். பின்னால டிரம்மே இருந்துட்டுப் போகட்டும்.

மாட்டி முடிச்சதும் சாவியத் தூக்கிக்கிட்டு ஓடாத. சக்கரத்தக் கையால சுத்தி, ரிம்மு காலிபர்ல இடிக்குதான்னு பாரு. ஸ்டியரிங்க ரெண்டு பக்கமும் முழுசா ஒடிச்சு, ஹோஸ் டயர்ல உரசுதான்னு குனிஞ்சு பாரு. வெள்ளை வேட்டிய மடிச்சுக் கட்டிக்க, ஒண்ணும் கொறஞ்சு போயிராது. பிரேக் ஆயில் பெயிண்ட் மேல சிந்துனா ஒடனே தண்ணி ஊத்திக் கழுவிரு. பெயிண்டைத் தின்னுப்போடும். உசுரு போறதவிட உனக்கு அதுதான் எச்சா வலிக்கும்.

இன்னொண்ணு. பழைய வண்டி பலதுல பிரேக் லைட்டு எரியறது, லைனுல இருக்கற ஆயில் அழுத்த சுவிட்சாலதான். பைப்பு மாத்தறப்ப அதை மறந்து விட்டுட்டா, நீ டக்குனு நிப்ப, பின்னால வர்ற லாரிக்காரனுக்கு அது தெரியாது. அப்பறம் முன்னால டிஸ்க்கு, பின்னால டிங்கரிங்!