ஓய்வூதியமும் உருளும் கற்களும்

மனிதன் எந்த வயதில் கிழவனாகிறான் என்னும் தத்துவ விசாரத்துக்கு, வேதாந்திகள் யாரையும் கலந்தாலோசிக்காமல், 58 என்று ஓர் இலக்கத்தை விடையாக எழுதிக் கோப்பை மூடிவிட்டிருந்த காலம் அது. அந்த விடைக்குக் கட்டுப்பட்டு, 2003-ஆம் ஆண்டு மார்ச் மாதம் 31-ஆம் தேதி, திங்கட்கிழமை, சாயங்காலம் நான் கிழவனானேன். அன்று காலையில் எண்ணூர் அனல்மின் நிலையத்தின் கணக்குப் பிரிவுக்குள் நுழைந்தபோது என் முழங்காலிலோ மூச்சிலோ எவ்வித வித்தியாசமும் தென்படவில்லை. ஆனால் ரோஜா மாலை சாத்தி, பொன்னாடை போர்த்தி, ஒரு சுவர்க்கடிகாரத்தைக் கையில் கொடுத்து, 'அன்னார் இனியாவது நிம்மதியாக ஓய்வெடுக்க வேண்டும்' என்று ஏழு பேர் ஒருவர்பின் ஒருவராகத் தழுதழுத்த குரலில் பேசக் கேட்ட பிறகு, ஜீப்பிலிருந்து இறங்கும்போது ஓட்டுநரின் தோளைப் பிடித்துக்கொண்டால் தேவலை என்று எனக்கே தோன்றிவிட்டது.

மறுநாள் இரவு பெங்களூரிலிருந்து என் அக்காள் மகன் கூப்பிட்டான்.

"மாமா, வெள்ளிக்கிழமை ஏதாவது வேலை இருக்கா?"

"இனிமே எனக்கு எல்லாக் கிழமையும் ஞாயித்துக்கிழமைதான்டா."

"அப்ப கிளம்பி வாங்க. ரோலிங் ஸ்டோன்ஸ் வர்றாங்க. உங்களுக்கும் சேத்து டிக்கெட் வாங்கிட்டேன்."

ஏப்ரல் முதல் தேதியில் வந்த சமாசாரமாகையால் நான் உடனே நம்பிவிடவில்லை. செய்தித்தாளைப் புரட்டிப் பார்த்து, ஏப்ரல் 4-ஆம் தேதி பெங்களூர் அரண்மனை மைதானத்தில் அந்த ஆங்கிலேய ராக் கோஷ்டி பாடப்போவது மெய்தான் என்று ஊர்ஜிதமான பிறகும், அந்தச் செய்தியை ஜீரணிக்க எனக்குச் சற்று அவகாசம் வேண்டியிருந்தது. ஏனென்றால் அந்தப் பெயரை நான் முதன்முதலாகக் கேட்டது என்னுடைய 20-வது வயதில், இராயபுரத்தில்.

அக்காலத்து இராயபுரத்தில் ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்கள் கணிசமாக இருந்தன. எங்களுக்கு எதிர்வீட்டில் ஒரு ரயில் என்ஜின் டிரைவர் குடியிருந்தார். பகலெல்லாம் நீராவி என்ஜினை அதட்டிவிட்டு வருகிற அந்த மனிதர், இரவில் தம் மூத்த பிள்ளை கிராமபோனில் போடுகிற இசைத்தட்டை அதட்ட முடியாமல் திண்டாடுவார். அந்தத் தட்டுகளில் சில மூர் மார்க்கெட்டில் பழைய விலைக்கு வாங்கினவை. சில, துறைமுகத்துக்கு வந்த மாலுமிகள் கைமாற்றிவிட்டுப் போனவை. 'எனக்குத் திருப்தி கிட்டவில்லை' என்று ஒருவன் இருமினாற்போலப் பாடுகிற 1965-ஆம் வருஷத்துப் பாட்டு அந்த ஜன்னல் வழியாகத்தான் எனக்கு வந்து சேர்ந்தது. பிற்பாடு இலங்கை வானொலியிலும் தேடிப்பிடித்துக் கேட்டேன். அந்தப் பாட்டின் உயிர்நாடியான கிதார் வரிசை கீத் ரிச்சர்ட்ஸ் என்பவருக்குத் தூக்கத்தில் உதித்ததென்றும், பக்கத்திலிருந்த டேப் ரிக்கார்டரில் அதைப் பதிந்துவிட்டு அவர் மறுபடி உறங்கிப்போனாரென்றும், காலையில் போட்டுப் பார்த்தால் கொஞ்சம் கிதாரும் மிச்சமெல்லாம் குறட்டையுமாக இருந்ததென்றும் அவரே சொல்லியிருக்கிறார். 33 வருஷம் ஆபீஸில் உத்தியோகம் பார்த்தவன் என்ற முறையில், உறக்கத்திலிருந்து இவ்வளவு லாபம் எடுத்த வேறொரு மனிதரை நான் அறியேன்.

ஒரு பெயர்ப்பொருத்தமும் உண்டு. பேதுரு என்கிற இராயப்பர் பெயரால்தான் இராயபுரம் ஏற்பட்டது என்பார்கள். பேதுரு என்றால் கிரேக்க பாஷையில் பாறை. ஆகவே 'ராக்' சங்கீதத்தைக் கேட்கத் தகுதியான ஊர் இந்தப் பரத கண்டத்தில் ஒன்று உண்டென்றால் அது பாறையூராகிய எங்கள் இராயபுரம்தான் என்று நான் வாதாடியபோது, என் சகதர்மிணி அதை ஒரு வாதமாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

"ரிட்டைர் ஆன அஞ்சாம் நாளு காசிக்குப் போறவங்களக் கேள்விப்பட்டிருக்கேன். நீங்க இன்னாடான்னா வெள்ளக்காரன் கூத்துக்குப் போறீங்க" என்றாள்.

அவளுடைய ஆட்சேபம் கரைந்ததற்குக் காரணம் வேறு. அந்தக் கோஷ்டியின் சின்னமாகிய, வாயைப் பிளந்து நீட்டிக்கொண்டிருக்கும் செக்கச்செவேலென்ற நாக்கு அச்சிட்ட பனியன் ஒன்று, போன பொங்கலுக்கு வந்திருந்த மருமகன் மறந்துவிட்டுப் போனது, கொடியில் தொங்கிக்கொண்டிருந்தது. ஜான் பாஷ் என்ற ஓவிய மாணவர் 1970-ஆம் ஆண்டில் வரைந்த அந்தச் சித்திரத்துக்கு மூலம், கோஷ்டியின் பாடகர் மிக் ஜாகர் அவரிடம் காட்டிய காளி படத்திலிருந்த நாக்குத்தான் என்று எங்கோ படித்ததை நான் சும்மா சொல்லிவைத்தேன். எங்கள் வீடு அப்போது திருவொற்றியூரில், தியாகராஜர் கோயிலுக்கு இரண்டு தெரு தள்ளி. கோயிலுக்குள் இருக்கிறாள் வட்டப்பாறை அம்மன், உக்கிர காளி. வட்டமான பாறை உருளும் என்பதையும் நாக்கு காளியினுடையது என்பதையும் ஒன்றாகக் கூட்டி அவள் என்ன வியாக்கியானம் செய்துகொண்டாளோ தெரியாது. கன்னத்தில் போட்டுக்கொண்டு, புளிச்சோறு கட்டிக்கொடுத்து, குரங்குக் குல்லாவையும் அமிர்தாஞ்சன் புட்டியையும் பையில் திணித்து அனுப்பிவைத்தாள்.

பிருந்தாவன் எக்ஸ்பிரஸில் ஏறிப் பிற்பகலில் பெங்களூர் சேர்ந்தேன். மருமகன் புல்லட் வண்டியோடு நின்றான். இந்த வாகனத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் நகர எனக்கு மனம் வரவில்லை. அதுவும் இங்கிலாந்தில் பிறந்ததுதான். 1950-களின் நடுவில் ராணுவத்துக்காக அதை இங்கேயே செய்வதென்று தீர்மானித்து, எங்கள் திருவொற்றியூரில் தொழிற்சாலை வைத்தார்கள். பெற்றெடுத்த சீமைக் கம்பெனி 1970-71 வாக்கில் கடையைக் கட்டிவிட, வளர்ப்புத் தாயாகிய திருவொற்றியூர் மட்டும் அந்தப் பழைய வண்டியை அதே 'டப்டப்' சப்தத்தோடு செய்து அனுப்பிக்கொண்டிருந்தது. சீமையில் காலாவதியானவை இங்கே ஆயுசோடு இருக்கும் என்பதற்கு அத்தாட்சியாக அதன் பின்ஸீட்டில் அமர்ந்து, வேட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அரண்மனை மைதானத்துக்குச் சென்றேன்.

வாசலில் சோதனை. எனக்கு முன்னால் கறுப்புப் பனியன் அணிந்த வாலிபர்கள் சங்கிலி, லைட்டர், தண்ணீர்ப் புட்டி என்று ஒவ்வொன்றாகப் பறிகொடுத்துக்கொண்டிருந்தார்கள். என் முறை வந்தது. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நெற்றியில் விபூதி. காவலாளி ஏதோ கல்யாண மண்டபத்துக்கு வழி தவறி வந்தவன் என்று நினைத்தானோ என்னவோ, என்னை ஓரமாக ஒதுங்கச் சொன்னான். டிக்கெட்டைக் காட்டினேன். பைக்குள் கையை விட்டு அமிர்தாஞ்சன் புட்டியை எடுத்து, "ஏனிது?" என்றான். மூடியைத் திறந்து மோந்து பார்த்தான். அவன் முகத்திலிருந்த அதிகாரமெல்லாம் ஒரு நொடியில் வடிந்துபோயிற்று. மத்தியானத்திலிருந்து வெயிலில் நிற்பவன் போலும். சுண்டுவிரலால் கொஞ்சம் தோண்டி இரண்டு பொட்டிலும் தேய்த்துக்கொண்டு, புட்டியை மூடிப் பையிலேயே போட்டு, "ஹோகி சுவாமி" என்று கும்பிட்டு வழிவிட்டான்.

உள்ளே ஜனசமுத்திரம். முதல் கிதார் ஒலி வந்து மோதியதும் காதில் விழவில்லை, வயிற்றில் விழுந்தது. பக்கத்தில் நின்ற இளைஞன் ஒருவன் காதைப் பொத்திக்கொண்டதைக் கண்டு எனக்கு ஒரு சிறு கர்வம் உண்டாயிற்று. கொதிகலனிலிருந்து நீராவியைத் திறந்துவிடுகிற பேரிரைச்சலில் பேரேடு கூட்டினவன் நான். மூன்று வேளையும் ஆலைச்சங்கு ஊதுகிற வீதியில் வளர்ந்தவன். வடசென்னைக்காரனுடைய காதை இலேசில் அசைக்க முடியாது.

ஆனால் கண்ணை அசைத்துவிட்டார்கள். மிக் ஜாகர் ஓடினார். மேடையின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் பாடிக்கொண்டே ஓடி, திரும்பி, இடுப்பை வெட்டி, கையைத் தட்டி, மறுபடி ஓடினார். அவர் தகப்பனார் தேகப்பயிற்சி ஆசிரியர் என்பதால் பரம்பரை வாசி இருக்கலாம். என்றாலும், லண்டனில் பொருளாதாரம் படிக்கச் சேர்ந்து பாதியில் விட்டவர் அவர், அதை முடித்திருந்தாரானால் என்னைப் போலவே எங்காவது கணக்கெழுதி, மாலை வாங்கிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருப்பார் என்ற எண்ணம் எழுந்ததும், பாட்டிலிருந்து என் புத்தி நழுவி, 33 வருஷப் பழக்கதோஷத்தால், அவர்களுடைய பணிப்பதிவேட்டைத் தயாரிக்கத் தொடங்கிவிட்டது.

ஜாகர், பிறந்தது 26-7-1943. எங்கள் விதிப்படி 31-7-2001 அன்றே வயது முதிர்வினால் ஓய்வு. கீத் ரிச்சர்ட்ஸ், 18-12-1943. அதே ஆண்டு டிசம்பர் 31-ஆம் தேதியோடு சரி. தாளவாத்தியக்காரர் சார்லி வாட்ஸ், 2-6-1941. 1999 ஜூன் மாதமே கடிகாரம் வாங்கியிருக்க வேண்டியவர். ரான் வுட் 1947 ஜூன் 1-ஆம் தேதி பிறந்தவர். மாதத்தின் முதல் தேதியில் பிறந்தவன் முந்தின மாதக் கடைசியிலேயே வெளியேற வேண்டும் என்ற நுணுக்கமான விதி ஒன்று உண்டாகையால், அவருக்கு 31-5-2005 வரையில் உத்தியோகம் பாக்கி; மேடையில் நின்ற நால்வரில் சட்டப்படி பணியிலிருந்தவர் அவர் ஒருவரே. 1993-ல் விலகிய பில் வைமனுக்கு அப்போது 56 வயது. அது விருப்ப ஓய்வு, ஒன்றும் தோஷமில்லை. 1974-ல் போன மிக் டெய்லருடையது ராஜினாமா. ராஜினாமா செய்தவனுக்கு ஓய்வூதியம் கிடையாது. இந்த இடத்துக்கு வந்ததும் எனக்கு அந்த மனிதர்பேரில் ஏற்பட்ட பச்சாத்தாபத்தில் இரண்டு பாட்டுகள் கேட்காமலே போய்விட்டன.

"மாமா, தூங்கிட்டீங்களா?" என்று மருமகன் காதருகே கத்தினான்.

"இல்லடா, சர்வீஸ் பாத்துக்கிட்டிருக்கேன்" என்றேன். அவனுக்கு விளங்கவில்லை.

நம் நாட்டில் வித்வானுக்கு வயதாவது குற்றமல்ல. அது அவருக்கு ஒரு பூஷணம். செம்மங்குடி சீனிவாசய்யர் 90 வயதைத் தாண்டியும் மேடையேறினார். அவர் தொண்டை கரகரத்தால் 'ஆஹா, என்ன பக்குவம்!' என்று ரசிகர்கள் தலையை ஆட்டினார்கள். டி.எம்.சௌந்தரராஜன் 80 வயதுக்கு மேல் முருகனைப் பாடினால் பழைய குரலை நம் காதே இட்டு நிரப்பிக்கொள்ளும். இவர்களெல்லாம் உட்கார்ந்தோ நின்றோ பாடினால் போதும். ஜமக்காளமும் பக்கத்தில் ஒரு பிளாஸ்கும் இருந்தால் சங்கீதம் நடந்தேறும். அந்தச் சீமைக்காரர்களின் சம்பிரதாயமோ வாலிபத்தின் கலகத்தில் பிறந்த சம்பிரதாயம்; 20 வயதில் எந்தக் கோபத்தோடு எந்த இடுப்பை எப்படி வெட்டினார்களோ, அந்தக் கோபம் ஆறிப்போன பிறகும் அதே இடுப்பை அதே மாதிரி வெட்டியாக வேண்டும்; இல்லாவிட்டால் காசு கொடுத்தவன் சண்டைக்கு வருவான். பாட்டு பழசாகலாம், பாடுகிறவன் பழசாகக் கூடாது என்னும் இந்த நிபந்தனையைப் போலக் கொடிய உத்தியோக விதி எங்கள் மின்வாரியத்திலும் கிடையாது. ஆகவே கிழவர்கள் குதிக்கிறார்கள் என்று சிரிக்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அவர்கள் ஓவர்டைம் பார்க்கிறார்கள்.

அந்தக் கூட்டத்தில் என் மனத்தைக் கவர்ந்தவர் சார்லி வாட்ஸ். முன்னால் அத்தனை அமளி நடக்க, பின்னால் ஒரு தலைமை எழுத்தரைப் போல நிமிர்ந்து உட்கார்ந்து, முகத்தில் ஈயாடாமல், முழங்கைக்கு மேல் தேகம் அசையாமல், கணக்காகக் கொட்டிக்கொண்டிருந்தார். மிருதங்க வித்வான் பாலக்காடு மணி அய்யரை நான் சிறுவயதில் ஒரு தடவை பார்த்திருக்கிறேன்; ஒலிபெருக்கியைக் கண்டால் அவருக்கு ஆகாது. இருவரையும் ஒரு மேடையில் வைத்தால் அந்த ஒரு விஷயத்தில் தகராறு வரும். மற்றபடி இரண்டு பேரும் பேசாமலே ஒத்துப்போயிருப்பார்கள்.

இனி என் பராபவத்தையும் சொல்லிவிடுகிறேன். புளிச்சோறு தின்று, வழியெல்லாம் தண்ணீர் குடித்து, இரண்டு மணி நேரம் நின்ற 58 வயதுச் சரீரம் ஒரு விண்ணப்பம் சமர்ப்பித்தது. கழிப்பறை மைதானத்தின் மறுகோடியில். அதற்கு முன்னால் ஒரு நீண்ட வரிசை. அந்த வரிசையில் எனக்கு முன்னும் பின்னும் நின்றவர்களெல்லாம் நரைத்த தலையர்களாக இருந்ததைக் கண்டு முதலில் சங்கோசமும் பிறகு ஒருவகைச் சகோதர வாஞ்சையும் உண்டாயின. எந்தப் பாட்டுக்காக 350 கிலோமீட்டர் பிரயாணம் செய்து வந்தேனோ அந்தப் பாட்டை, என் முறை வருவதற்கு மூன்று பேர் இருக்கையில் ஆரம்பித்தார்கள். நான் வரிசையை விட்டு நகரவில்லை. ஒருவரும் நகரவில்லை. முன்னால் நின்ற பெரியவர், காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு, கண்ணை மூடித் தாளம் போட்டார். அது தாளமா அவசரமா என்று நான் விசாரிக்கவில்லை. திரும்பி வந்தபோது மருமகன் குரல் கம்மிப்போய் நின்றான். "கேட்டீங்களா மாமா?" என்றான். கேட்டேன் என்றேன், பொய்யில்லை.

ஊருக்குத் திரும்பிய மறுநாள் முழங்கால் இரண்டிலும் தைலம் தேய்த்துக்கொண்டு, துறைமுகம் கட்டினதிலிருந்து அரித்துக்கொண்டே வருகிற எங்கள் கடற்கரையில், அலையைத் தடுக்கக் கொட்டி வைத்திருக்கிற கருங்கற்களில் ஒன்றின்மேல் போய் உட்கார்ந்தேன். "இன்னா சார், கூத்து எப்படி?" என்று ஒரு பழைய சகா கேட்டார். "என்னைவிட ரெண்டு வயசு மூத்தவன்யா, ஓடுறான்" என்றேன்.

இதற்குப் பின் நடந்தவற்றைச் சுருக்கமாகப் பதிந்து வைக்கிறேன். 1970-ல் மின்சாரம் தரத் தொடங்கிய எண்ணூர் அனல்மின் நிலையத்தை 2017-ஆம் ஆண்டு மூடிவிட்டார்கள்; அதுவும் மார்ச் 31-ஆம் தேதி. சார்லி வாட்ஸ் 2021 ஆகஸ்டில், 80 வயதில், கடைசி வரையில் கோஷ்டியின் வருகைப்பதிவில் இருந்தபடியே காலமானார். மற்ற மூவரும் 2024-ல் அமெரிக்காவில் ஊர் ஊராகச் சென்று பாடினார்கள். எனக்குக் கொடுத்த சுவர்க்கடிகாரம் பத்தேகாலில் நின்றுவிட்டது. எந்த வருஷம் என்று நினைவில்லை. வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அவர்கள் மறுபடியும் இந்தப் பக்கம் வருவதாகத் துப்புக் கிடைத்தால், கழிப்பறைக்குச் சமீபமாக எனக்கு ஓர் இடம் பிடித்து வையுங்கள். தைலம் நான் கொண்டுவருகிறேன்.