பிக்சர் ட்யூப் போயிடும்!

1990-களில் மதுரையில் வீடியோ கேம் வைத்திருந்த பையனுக்குத் தெரு முழுக்க நண்பர்கள். கிரிக்கெட்டில் முதல் பந்திலேயே அவன் அவுட் ஆனால் அது ‘ட்ரையல் பால்’ என்று ஏகமனதாகத் தீர்ப்பாகும். இன்று என் வீட்டில் ஓர் அலமாரி நிறைய வீடியோ கேம் இருக்கிறது. வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு, “இதையெல்லாம் எப்ப சார் கழிச்சுக் கட்டப்போறீங்க?” என்று கேட்கிறார்கள்.

அந்தப் பையன் நான் இல்லை. அவனுடைய நண்பர்களில் ஒருவன், அதுவும் வரிசையில் கடைசியாக உட்கார்ந்திருப்பவன். ஒருவனுடைய மூன்று உயிரும் போனால்தான் ஜாய்ஸ்டிக் அடுத்தவன் கைக்கு வரும். மாரியோ சீக்கிரம் குழியில் விழ வேண்டும் என்று மனதார வேண்டிக்கொண்ட காலம். அவன் வீட்டில் விருந்தாளி வந்துவிட்டால் கேம் கடைதான் கதி. அரை மணி நேரம் ஐந்து ரூபாய். திரையைப் பார்ப்பதைவிட சுவர்க் கடிகாரத்தை அதிகம் பார்க்கும் அண்ணன் ஒருவர் அங்கே இருப்பார். ‘காண்ட்ரா’வில் பாஸ் வருகிற நேரமாகப் பார்த்து, “டைம் முடிஞ்சிருச்சு தம்பி, எந்திரி” என்பார். அவருடைய கடிகாரம் எங்கள் கடிகாரங்களைவிட வேகமாக ஓடியது என்பது இன்றும் என் கருத்து.

அந்தக் காண்ட்ராவுக்கு முப்பது உயிர் தரும் மந்திரம் ஒன்று உண்டு. மேல மேல, கீழ கீழ, இடது வலது, இடது வலது, பி, ஏ. இதை நாங்கள் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. டியூஷனில் பக்கத்தில் உட்கார்ந்தவன் சொன்னான், அவனுக்கு யாரோ சொன்னார்கள். ஒன்பதாம் வாய்ப்பாட்டில் தடுமாறுகிறவனும் இதில் தடுமாற மாட்டான். கொனாமி நிறுவனத்தின் கசுஹிசா ஹாஷிமோட்டோ 1986-இல் ‘கிராடியஸ்’ விளையாட்டைச் சோதித்துப் பார்க்கையில், அது தனக்கே கடினமாக இருந்ததால் எழுதிவைத்துக்கொண்ட குறுக்குவழி அது என்று பின்னாளில் தெரிந்தது. தங்கள் விளையாட்டுக்கே குறுக்குவழி தேவைப்பட்டவர்களின் காண்ட்ராவைத்தான் எங்களுக்கு அரை மணி நேரத்தில் முடிக்கச் சொன்னார்கள்.

நாங்கள் ஆடியது நின்டெண்டோ என்பதே எங்களுக்குத் தெரியாது. 1983 ஜூலை 15 அன்று ஜப்பானில் 14,800 யென்னுக்கு ‘ஃபாமிகாம்’ என்ற பெயரில் வந்த பெட்டி அது. வடிவமைப்புக்குத் தலைமை தாங்கியவர் மசாயுகி உயெமுரா. நம்மூருக்கு வந்து சேர்ந்தவை பெரும்பாலும் அதன் நகல்கள். ‘மீடியா’ என்று எழுதியிருந்த பெட்டியைப் பற்றிப் பேச்செடுத்தால் என் வயதுக்காரர்கள் இப்போதும் கொஞ்சம் உருகுவார்கள். அது போக, பேரே இல்லாமல் வந்தவை ஏராளம். பின்னால் வந்த சில பெட்டிகள் வெளியே பிளேஸ்டேஷன் மாதிரியே இருக்கும், மூடியைத் திறந்தால் உள்ளே அதே பழைய கேசட் துளை. கேசட்டின் மேல் ‘9999 இன் 1’ என்று போட்டிருப்பான். உள்ளே இருப்பது சில பத்து விளையாட்டுகள். மிச்சமெல்லாம் அதே மாரியோ நான்காவது ஸ்டேஜிலிருந்து, அதே டாங்கி கொஞ்சம் வேகமாக. 9999-வது எண்ணுக்குப் போய்ப் பார்த்தே தீர்வது என்று அம்புக்குறியை அழுத்திக்கொண்டே ஒரு மதியம் முழுக்க உட்கார்ந்திருந்தவர்களை எனக்குத் தெரியும்.

இதற்கெல்லாம் ஒரே எதிரி, வீட்டு டிவி. மரக்கதவு போட்ட சாலிடேர், மேலே அம்மா பின்னிய குரோஷா விரிப்பு, அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் கிளி. பின்னால் கைவிட்டு ஆன்டெனா வயரைப் பிடுங்கி, கேம் வயரைச் செருகி, சேனல் குமிழைத் திருகித் திருகிப் படத்தைப் பிடிக்க வேண்டும். வெள்ளிக்கிழமை ‘ஒலியும் ஒளியும்’ ஆரம்பிக்கும் முன் எல்லாவற்றையும் பழையபடி மாட்டியாக வேண்டும். இதற்கிடையில் அடுப்படியிலிருந்து குரல் வரும்: “டேய், போதும்டா! பிக்சர் ட்யூப் போயிடும்!”

பிக்சர் ட்யூப் போய்விடும் என்பது அன்றைய தமிழ்த் தாய்மார்களின் கூட்டு முடிவு. எங்கே கூடிப் பேசினார்கள் என்று தெரியவில்லை, எல்லா வீட்டிலும் இதே வாசகம். அதில் கொஞ்சம் விஞ்ஞானமும் இருந்தது. அசையாத படத்தை மணிக்கணக்கில் காட்டினால் ட்யூபின் உட்பூச்சு அந்த இடத்தில் மட்டும் தேய்ந்து நிழல் விழும். ஆட்டத்தைப் பாதியில் நிறுத்திவைத்துவிட்டுச் சாப்பிடப் போனவன் வீட்டு டிவியில், செய்தி வாசிப்பவரின் நெற்றிக்கு மேல் ஸ்கோர் லேசாகத் தெரிந்ததுண்டு.

படம் வராவிட்டால் அன்றைக்கு ஒரே வைத்தியம்தான். கேசட்டைப் பிடுங்கி, அதன் வாயில் நன்றாக ஊதி, மறுபடி செருகுவது. ஊதுவதில் நிபுணர்கள் இருந்தார்கள், அவர்களை வீட்டுக்கே வரவழைப்போம். ஊதியதால் பயன் இல்லை என்று இன்று சொல்கிறார்கள். பிடுங்கிச் செருகும்போது தொடுமுனைகள் புதிதாக ஒட்டிக்கொள்வதுதான் வேலை செய்தது. மூச்சிலிருந்த ஈரம் மெதுவாக அந்த முனைகளை அரித்துக்கொண்டிருந்தது. ஊதாதீர்கள் என்று நின்டெண்டோவே எச்சரித்திருந்தது, ஆனால் நகல் பெட்டிக்கு யார் கையேடு தருவார்கள்?

இப்போது நான் ஊதுவதில்லை. பஞ்சுக் குச்சியை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் தொட்டு, கேசட்டின் 60 முனைகளையும் துடைக்கிறேன். பஞ்சு கறுப்பாக வரும், இன்னொரு குச்சி. முப்பது வருஷத்துக்கு முன் ஏதோ ஒரு பையன் ஊதிய எச்சிலை நான் துடைத்துக்கொண்டிருக்கிறேன் என்ற எண்ணம் வரும்போது மட்டும் சற்றுச் சங்கடமாக இருக்கும்.

ரிப்பேர் என்பது அன்று எங்கள் தெருமுனை டிவி மெக்கானிக்கின் சமாச்சாரம். பெட்டியை ஒருமுறை குலுக்கிப் பார்ப்பார், “வச்சுட்டுப் போ தம்பி, நாளைக்கு வா” என்பார். அந்த நாளை பல வாரங்களுக்கு வராது. இன்று அவர் இடத்தில் நானே உட்கார்ந்திருக்கிறேன். சென்னை சிந்தாதிரிப்பேட்டை ரிச்சி தெருவில் இதற்கு வேண்டிய சாமான் ஏறக்குறைய எல்லாமே கிடைக்கிறது. முதலில் சாவது 7805 என்ற சின்ன மூன்றுகால் ரெகுலேட்டர். அடாப்டரிலிருந்து வரும் ஒன்பது வோல்ட்டை ஐந்தாக்கி, மிச்சத்தைச் சூடாக வெளியே விடுகிற அப்பாவி. சில ரூபாய்தான் விலை. பத்து வாங்கினால் கடைக்காரர் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. ஒன்று வாங்கினால், “எதுக்கு சார்?” என்று கேட்பார். உண்மையைச் சொன்னால் பக்கத்துக் கடைக்காரரையும் கூப்பிட்டுச் சொல்வார்.

அடுத்தது மின்தேக்கிகள், அதாவது கெப்பாசிட்டர்கள். உள்ளே இருக்கும் திரவம் வருஷக்கணக்கில் உலர்ந்துபோக, படத்தில் கோடு ஓடும், சத்தத்தில் ‘ம்ம்ம்’ என்று ஒரு முனகல் சேரும். ஒவ்வொன்றாகச் சூட்டுக்கோலால் ஈயத்தை உருக்கி எடுத்து, ப்ளஸ் மைனஸ் பார்த்துப் புதிதாக வைக்க வேண்டும். ஒரிஜினல் ஜப்பான் பெட்டிக்கு இன்னொரு கண்டம் உண்டு. அதன் அடாப்டர் முள்ளின் நடுவில் மைனஸ். இன்று வீட்டில் கிடக்கும் அடாப்டர்களில் பெரும்பாலும் நடுவில் ப்ளஸ். பார்க்காமல் செருகினால் நாற்பது வருஷம் உயிரோடிருந்த பெட்டி நம் கையால் போகும்.

நகல் பெட்டிகளில் வேறு விதமான துயரம். பழைய நகல்களில் தைவானின் யுஎம்சி செய்த இரண்டு சிப்புகள் தனித்தனியாக இருக்கும், கழற்றிப் பார்க்கலாம், மாற்றலாம். பின்னால் மொத்தத்தையும் ஒரே சிப்பாக்கி, அதன்மேல் கறுப்புப் பசையை உருண்டையாக ஊற்றிவிட்டார்கள். அது போனால் போனதுதான். விலை உயர்ந்த மருத்துவமனையில் கைவிரிப்பதைப் போன்ற பாவனையில் நானும், “நாளைக்கு வாங்க” என்று சொல்ல ஆரம்பித்திருக்கிறேன்.

சம்பாதிக்க ஆரம்பித்ததும் அசலையே வாங்கிவிட்டேன். இங்கேதான் வேடிக்கை. அசல் ஃபாமிகாம் ஜப்பானிய டிவி சேனலில் படம் அனுப்பும், நம்மூர் டிவிக்கு அது பிடிபடாது. அவர்களுடைய கலர் முறையும் வேறு, பால் முறை மட்டுமே தெரிந்த நம் பழைய டிவிக்களில் மஞ்சள் வயர் போட்டாலும் கறுப்பு வெள்ளையாகத்தான் வரும். மின்சாரம் அங்கே நூறு வோல்ட். இத்தனைக்கும் தனித்தனியாக வழி செய்து, உள்ளே ஒரு குட்டி போர்டு பற்றவைத்த பிறகு, என் அசல் பெட்டி ஒருவழியாக நகல் மாதிரியே வேலை செய்தது. முதன்முதலில் வந்த ஃபாமிகாம்களில் பட்டன்கள் சதுரமான ரப்பர். அவை சிக்கிக்கொள்கின்றன என்று நின்டெண்டோ வட்டமான பிளாஸ்டிக்குக்கு மாறியது. சேகரிப்பவர்கள் மத்தியில் சிக்குகிற பட்டனுக்குத்தான் இன்று விலை அதிகம்.

வெள்ளைப் பெட்டி மஞ்சளாகிவிடுவதற்கும் வைத்தியம் இருக்கிறது. தீப்பிடிக்காமல் இருக்க பிளாஸ்டிக்கில் சேர்த்த புரோமின் கலவையை வெயிலும் காலமும் கெடுப்பதால் வரும் நிறம் அது என்கிறார்கள். சலூனில் தலைமுடிக்குச் சாயம் போடும்போது கலக்கும் பெராக்சைடு க்ரீமைத் தடவி, பிளாஸ்டிக் உறை சுற்றி, வெயிலில் வைக்க வேண்டும். மொட்டைமாடியில் வடகம் காய்கிற பாய்க்குப் பக்கத்தில் ஃபாமிகாமின் மூடியும் காய்கிறது. “காக்கா தூக்கிட்டுப் போகாம பாத்துக்குங்க” என்று என் மனைவி சொல்வது வடகத்தையா, பெட்டியையா என்று நான் கேட்பதில்லை. சில வருஷத்தில் மறுபடி மஞ்சளாகிவிடும் என்பதையும் அவளிடம் சொல்லவில்லை.

என்னுடையது ஏழைப் பைத்தியம். 2021 ஜூலையில் அமெரிக்காவின் ஹெரிடேஜ் ஏல நிறுவனத்தில் ‘சூப்பர் மாரியோ 64’ கேசட் ஒன்று 15.6 லட்சம் டாலருக்குப் போனது, நம் பணத்தில் 11 கோடிக்கு மேல். அதன் சிறப்பு, உறையே பிரிக்கப்படவில்லை என்பது. வாங்கியவரும் பிரிக்க முடியாது, பிரித்தால் மதிப்பு போய்விடும். கடைக்கார அண்ணன் கொடுத்த அரை மணி நேரம்கூட அந்தக் கேசட்டுக்குக் கிடைக்கப்போவதில்லை.

விளையாட மட்டும்தான் ஆசை என்றால் இவை எதுவுமே தேவையில்லை. 1985-இன் ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’, எட்டு உலகம், முப்பத்திரண்டு ஸ்டேஜ், பாட்டு உட்பட மொத்தம் 40 கேபி. மாமா தினமும் வாட்ஸ்அப்பில் அனுப்பும் ரோஜாப்பூ குட்மார்னிங் அதைவிடப் பெரியது. பொருட்காட்சியில் சில நூறு ரூபாய்க்கு விற்கும் ‘400 இன் 1’ கைப்பெட்டிக்குள் அவ்வளவும் இருக்கிறது. என் மகன் அதில் ஒன்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “அப்பா, இதுல சேவ் பண்ண முடியாதா?” என்று கேட்டான். முடியாது, எட்டாவது உலகத்தில் கரண்ட் போனாலும் முதலிலிருந்துதான் என்றேன். இப்படியும் ஒரு கொடுமை நடந்ததா என்பது மாதிரி பார்த்தான். ஜாய்ஸ்டிக்கை என்னிடம் கொடுத்து, “நீங்களே வெளாடுங்கப்பா” என்று போய்விட்டான்.

நானே விளையாடலாம். வரிசை இல்லை, கடிகாரம் இல்லை, அடுப்படியிலிருந்து குரல் இல்லை. ஆனால் காண்ட்ராவுக்கு இரண்டு பேர் வேண்டும். பழைய நண்பர்களைக் கூப்பிட்டால் ஒருவன் துபாயில், ஒருவனுக்கு முதுகுவலி, அந்த வீடியோ கேம் பையனுக்கு வீட்டுக்கடன். எனவே பெரும்பாலும் சூட்டுக்கோலோடு உட்கார்ந்துவிடுகிறேன். ஒரு பெட்டி சரியானதும் டைட்டில் திரை வருகிறதா என்று பார்த்து, அணைத்து, அடுத்ததை எடுக்கிறேன்.

ஒன்று மட்டும் இன்னும் சரியாகவில்லை, வாத்து சுடும் துப்பாக்கி. என் துப்பாக்கி நன்றாகத்தான் இருக்கிறது, பழுது டிவியில். குதிரையை அழுத்தியதும் திரை ஒரு கண்ணிமைப்பு நேரம் கறுப்பாகி, வாத்து இருந்த இடத்தில் மட்டும் வெள்ளைச் சதுரம் மின்னும். அந்த வெளிச்சத்தைத் துப்பாக்கிக்குள் இருக்கும் ஒளியுணரி பிடித்தால் வாத்து விழும். பழைய ட்யூப் டிவி படத்தை உடனுக்குடன் வரைவதால்தான் இது நடந்தது. இன்றைய எல்இடி டிவி படத்தை வாங்கி, மெருகேற்றி, சாவகாசமாகக் காட்டுவதற்குள் துப்பாக்கி பார்த்து முடித்துவிடுகிறது. முப்பத்திரண்டாயிரம் ரூபாய் டிவியில் ஒரு வாத்தைக்கூடச் சுட முடியவில்லை. அம்மா கட்டிக்காத்த பிக்சர் ட்யூபோ, கதவும் கிளியும் சகிதமாகப் பழைய இரும்புக்காரரிடம் போய்ப் பல காலமாகிவிட்டது.

அதனால் ஒரு விண்ணப்பம். 2006 தேர்தலுக்குப் பிறகு தமிழக அரசு ஒரு கோடிக்கும் அதிகமான வீடுகளுக்குக் கொடுத்த 14 அங்குல இலவசக் கலர் டிவி உங்கள் வீட்டுப் பரணில் இருந்தால், அல்லது அதற்கு முந்தைய எந்த ட்யூப் டிவியும் இருந்தால், பேரீச்சம்பழத்துக்குப் போட்டுவிடாதீர்கள். நீங்களே திறந்தும் பார்க்காதீர்கள், ட்யூபில் பல்லாயிரம் வோல்ட் ஏறும், அணைத்த பிறகும் கொஞ்சம் தங்கியிருக்கும். பின்பக்கம் ஏவி துளை இருந்தால் விசேஷம், இல்லாவிட்டாலும் பரவாயில்லை. அக்கம்பக்கத்தில் என்னைப் போல ஒரு பைத்தியம் கட்டாயம் இருப்பான், அவனுக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். ஆட்டோ வாடகை அவனே கொடுப்பான்.