கக்கத்தில் இரண்டு இசைத்தட்டு

கே: ரோலிங் ஸ்டோன்ஸ் என்ற பெயரே இரவல்தான் என்கிறான் என் மகன். உண்மையா? (கோவை வாசகி)

ப: உண்மைதான். சிகாகோ பாடகர் மடி வாட்டர்ஸ் 1950-இல் வெளியிட்ட பாட்டின் பெயரிலிருந்து இந்த லண்டன் ராக் குழுவினர் எடுத்தார்கள். பதிலுக்கு நீங்களும் மகனை ஒன்று கேளுங்கள்: பிங்க் ஃப்ளாய்ட் பெயர் எங்கிருந்து வந்தது? பிங்க் ஆண்டர்சன், ஃப்ளாய்ட் கவுன்சில் என்று, அமெரிக்கக் கறுப்பர்களின் இசையான ப்ளூஸைப் பாடிய இரண்டு பாடகர்கள் இருந்தார்கள். அவர்களின் முதல் பெயர்களைச் சேர்த்தால் அந்தக் குழு!

கே: சிகாகோ பாட்டு லண்டன் பையன்களின் காதில் எப்படி விழுந்தது? (திண்டுக்கல் வாசகர்)

ப: தபாலிலும் ரயிலிலும். 1961 அக்டோபரில் டார்ட்ஃபோர்டு ரயில் நிலையத்தில் நின்ற, பின்னாளில் ஸ்டோன்ஸின் பாடகரான மிக் ஜாகரின் கக்கத்தில் சக் பெர்ரி தட்டு ஒன்று, மடி வாட்டர்ஸ் தட்டு ஒன்று. சிகாகோவின் செஸ் இசைத்தட்டுக் கம்பெனிக்கே எழுதிப்போட்டு வரவழைப்பார் அவர். சின்ன வயதில் கூடப் படித்த கீத் ரிச்சர்ட்ஸ் கண்ணில் முதலில் பட்டது தட்டுகள், பிறகுதான் நண்பர். அடுத்த மார்ச் 17-இல் அலெக்சிஸ் கார்னரும் சிரில் டேவிஸும் ஈலிங்கில் ஒரு நிலவறையில் ப்ளூஸ் கிளப் தொடங்க, இவர்கள் அங்கே போனார்கள். கிதார் கலைஞர் பிரையன் ஜோன்ஸ் கிடைத்தார். ஜூலை 12-இல் மார்க்கீ கிளப்பில் ரோலிங் ஸ்டோன்ஸ் மேடையேறியது. ரயிலடியிலிருந்து மேடைக்கு ஒன்பதே மாதம்! இசைத்தட்டு வாங்கக் காசு கேட்கும் பிள்ளைகளைத் திட்டாதீர்கள் என்பேன்.

கே: '12 பார் ப்ளூஸ்' என்கிறார்களே, அப்படியென்றால்? (மதுரை வாசகர்)

ப: 12 தாளக் கட்டு, மூன்றே கார்டு. பாடகர் ஒரு வரி பாடுவார், அதையே மறுபடி பாடுவார், மூன்றாவது வரியில் விடை சொல்வார். ஒவ்வொரு வரி முடிந்ததும் கிதாரோ மவுத் ஆர்கனோ பதில் பேசும். பாட்டுக்குள்ளேயே கேள்வி–பதில், எனக்கு அது பிடித்துப்போனதில் வியப்பென்ன? இத்தனை எளிய சட்டம் என்பதால்தான் கிதார் பிடிக்கக் கற்ற எந்தப் பையனும் உள்ளே நுழைய முடிந்தது. ஆனால் தந்தியை இழுத்து ஒரு சுரத்தை அழவைக்க பிரிட்டனின் கிதார் மேதை எரிக் கிளாப்டனுக்கே வருடக்கணக்கில் சாதகம் தேவைப்பட்டது.

கே: வெள்ளைக்காரப் பையன்கள் கறுப்பர்களின் பாட்டைத் திருடிப் பணக்காரர்களானார்கள். இதைப் போய்ப் பாராட்டுவதா? (சென்னை வாசகி)

ப: உங்கள் கோபம் நியாயமானது. 1969-இல் பிரிட்டிஷ் ராக் குழு லெட் ஸெப்லின் வெளியிட்ட 'ஹோல் லாட்டா லவ்', வில்லி டிக்சன் எழுதி மடி வாட்டர்ஸ் 1962-இல் பாடிய பாட்டிலிருந்து நிறையவே எடுத்துக்கொண்டது. தட்டில் டிக்சன் பெயர் இல்லை. அவர் 1985-இல் வழக்குப் போட்டார். இரண்டு வருடத்தில் சமரசமானது, பின்னர் பெயரும் ஏறியது. எழுதியவர் தன் பெயருக்காக நீதிமன்றப் படியேற நேர்ந்தது அநியாயம்.

ஆனால் எல்லாரையும் ஒரே கூண்டில் ஏற்றாதீர்கள். 1965-இல் 'ஷிண்டிக்' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கு ஸ்டோன்ஸை அழைத்தபோது, கறுப்பின ப்ளூஸ் பாடகர் ஹவுலின் உல்ஃபையும் மேடையேற்ற வேண்டும் என்று அவர்கள் வற்புறுத்தினார்கள். அவர் பாட, உலகப் புகழ் பெற்ற பையன்கள் காலடியில் உட்கார்ந்து கேட்டார்கள். அப்போது அவருக்கு 54 வயது. நிறத்தைப் பார்த்து வானொலியையும் கடையையும் பிரித்து வைத்திருந்த நாட்டில், வீட்டுக்குள்ளேயே இருந்த மேதையை அடையாளம் காட்ட விருந்தாளி வரவேண்டியிருந்தது. அந்த ஒளிப்பதிவு எனக்குக் கண்ணீர் வரவழைக்கும்.

கே: ஒரே ஒரு பாட்டு சொல்லுங்கள். (நெல்லை வாசகர்)

ப: 'லிட்டில் ரெட் ரூஸ்டர்'. டிக்சன் எழுதியது. ஹவுலின் உல்ஃப் 1961-இல் பாடியதை முதலில் கேளுங்கள், பிறகு ஸ்டோன்ஸ். ஆட்டம் போடவைக்கும் பாட்டுகளே விற்ற 1964-இல் இத்தனை மெதுவான பாட்டு பிரிட்டனில் முதலிடம் பிடித்தது! பிரையன் ஜோன்ஸின் ஸ்லைடு கிதாரைக் கவனியுங்கள். பாட்டில் வரும் சேவல் அதில் நிஜமாகவே நடை போடும்.