பிளஸ் டூ கணினி மாணாக்கர் இயல்

நன்னூல் செய்த பவணந்தியார் மாணாக்கரை அன்னம், பசு, மண், கிளி, இல்லிக்குடம், ஆடு, எருமை, நெய்யரி என எட்டாகப் பகுத்து, தலை, இடை, கடை என்று வரிசையும் வைத்தார். அவர் காலத்தில் கணினி ஆய்வகம் இல்லை. ஆகவே தமிழ்நாட்டு மேல்நிலைப் பள்ளியின் கணினி அறிவியல் வகுப்புக்கு அந்தப் பகுப்பு எட்டாது. அக்குறை நீக்கவே இந்நூல் எழுந்தது. பாயிரம் முற்றிற்று.

வகைப்படுத்த உரைகல் ஒன்று வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பில் சொல்லித்தருவது பைத்தான். அதில் இரண்டு எண்களை இன்புட்டாக வாங்கிக் கூட்டச் சொல்லுக. 12, 13 என்று கொடுத்தால் திரையில் 25 வராது, 1213 வரும். விசைப்பலகையில் தட்டுவதையெல்லாம் பைத்தான் சரமாகத்தான், அதாவது எழுத்துக் கோவையாகத்தான், எடுத்துக்கொள்ளும். ‘இன்ட்’ போட்டு எண்ணாக்கினால்தான் கூட்டும். இந்த 1213-ஐக் கண்டதும் ஒருவர் என்ன செய்கிறாரோ, அதுவே அவர் இனத்தைக் காட்டும்.

முதலினம் நெட்டுருவர். தொகையில் இவரே பெரும்பான்மை. செய்முறைத் தேர்வுக்கு 20 மதிப்பெண். என்னென்ன புரோகிராம் வரும் என்பதோ முன்கூட்டியே தெரியும்: பேக்டோரியல், சரத்தைத் தலைகீழாக்குதல், பகா எண்கள் என்று ஒரு சிறு பட்டியல். இவர் 1213-ஐப் பார்ப்பதே அரிது. பார்த்தாலும் ரெக்கார்டு நோட்டில் 25 என்றே எழுதுவார். பைத்தானில் வரிக்கு முன் விடும் இடைவெளியும் இலக்கணம்; இவர் அந்த வெற்றிடத்தையும் மனப்பாடம் செய்வார். மாறியின் பெயரை மாற்றினால் புரோகிராம் ஓடாது என்று நம்புவோர் இவருள் ஓர் உட்பிரிவு. இவரைப் பழித்தல் முறையன்று. கேள்வி தெரிந்த தேர்வுக்கு மனப்பாடமே சிக்கனமான வழி.

அடுத்து ஒட்டுநர். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தபின் பல்கிய இனம். 1213-ஐ அப்படியே அதனிடம் ஒப்படைப்பார், திருத்திய புரோகிராம் வரும், ஒட்டுவார், 25 வரும். ஏன் வந்தது என்று கேட்டால் ‘ஓடுதுல்ல சார்?’ என்பார்.

முன்பு பள்ளியில் கொடுத்த விலையில்லா மடிக்கணினியில் சினிமா மட்டும் பார்த்தோரை விரிவஞ்சி விடுத்தனம்.

கணினி தீண்டாக் கணினியர் என்றோர் இனம் உண்டு, இதுவே ஆராய்ச்சிக்குரியது. பொறியியல் கலந்தாய்வின் கட்-ஆஃப் 200. கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50. கணினி அறிவியலுக்கு அதில் ஒரு மதிப்பெண்ணும் இல்லை. இதை நன்கறிந்த தகப்பனார், ‘பயாலஜி எடும்மா, நீட்டும் எழுதலாம், கிடைக்கலன்னா கம்ப்யூட்டர் சயின்ஸ்ல சேந்துக்கலாம்’ என்பார். மகளும் 1213-ஐக் காணாமலே கட்-ஆஃபை ஏற்றிக் கம்ப்யூட்டர் சயின்ஸில் சேர்வாள். கணினியில் சென்டம் வாங்கி வேதியியலில் சறுக்கியவன் வேறு பிரிவுக்குப் போவான். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 விதிமுறைப்படி முதல் செமஸ்டரில் இருவருக்கும் பைத்தான் பாடம் இருந்தது, அரிச்சுவடியிலிருந்து. அப்படியானால் பள்ளியில் படித்த இரண்டாண்டு எதற்கு என்று மாணாக்கன் வினவின், விடை கூறிய உரையாசிரியர் இலர்.

எஞ்சியோர் பிழையர். வகுப்புக்கு ஒருவரோ இருவரோ தேறலாம். 1213-ஐக் கண்டதும் இவருள் ஒருத்திக்குச் சிரிப்பு வரும். எண்ணுக்குப் பதில் தன் பெயரையும் தோழியின் பெயரையும் தட்டிப் பார்ப்பாள். இரண்டும் ஒட்டிக்கொண்டு வரும். கூட்டல் குறியை அழித்துப் பெருக்கல் குறி போடுவாள். சிவப்பு எழுத்தில் ‘டைப்எரர்’ வரும், எந்த வரியில் என்ற எண்ணோடு. அதை வாய்விட்டுப் படிப்பாள். ஒன்றை மட்டும் எண்ணாக்கி 12-ஐ 3-ஆல் பெருக்குவாள், 121212 வரும். அதற்குள் மணி அடித்துவிடும். ரெக்கார்டு எழுதி முடிக்கவில்லை என்று திட்டு வாங்குவாள்.

மென்பொருள் நிறுவனத்தில் சேர்ந்தால் நாள் முழுக்கச் செய்யப்போவது இந்த வேலையைத்தான்: யாரோ எழுதிய நிரலைப் படிப்பது, எந்த வரி பொய் சொல்கிறது என்று தேடுவது. பள்ளி இதற்கு மதிப்பெண் தருவதில்லை, திட்டைத் தருகிறது.

பாடத்திட்டம் வகுப்போருக்கு ஒரு விண்ணப்பம். அந்த 20 மதிப்பெண்ணில் ஐந்தையாவது ஒதுக்குங்கள். மூன்று பிழை வைத்த புரோகிராம் ஒன்றைக் கையில் கொடுத்து, எங்கே பிழை, ஏன் பிழை என்று எழுதச் சொல்லுங்கள். பிழை ஆண்டுதோறும் மாறட்டும். இல்லாவிட்டால் நெட்டுருவர் அதையும் மனப்பாடம் செய்துவிடுவர்.