புத்தகப்பையின் பின்விளைவுகள்: ஓர் ஒழுங்கைசார் ஆய்வு

யாழ்ப்பாணத்துக் காலைநேரத்தை ஆராயப் புகுந்தோர் கோவில் மணியோடும் சேவலோடும் நின்றுவிட்டார்கள். ஏழு மணிக்கும் ஏழரைக்கும் இடையில் திருநெல்வேலி ஒழுங்கைகளில் தலையில்லாமல் நகரும் பைகளைப் பற்றி ஒருவரும் மூச்சுவிட்டதில்லை. பின்னாலிருந்து பார்த்தால் ஒரு பை, அதன் கீழே இரண்டு வெள்ளைச் சப்பாத்து, அவ்வளவுதான். இக்குறையைப் போக்க மூன்று வாரம் ஒழுங்கை முகப்பு மதகில் குந்தியிருந்தேன். ஊரார் சொன்னவை ஆய்வுமுறையைப் பாதிக்கவில்லை.

துலா மிதித்த தலைமுறைக்கு இந்த நடையை விளக்கத் தேவையில்லை. மிதிப்பவர் கிணற்றுப் பக்கம் நடந்தால் வாளி இறங்கும், திரும்பி வந்தால் ஏறும். பிள்ளையின் முதுகும் துலாதான். பை பின்னுக்கு இழுக்கத் தலை முன்னுக்குப் போகும். பை உடம்போடு ஒட்டியிருந்தால் கொஞ்சம் சாய்ந்தால் போதும். வாரை நீளவிட்டு இடுப்புக்குக் கீழே தொங்கவிடுவதுதான் இப்போதைய பஷன் என்பதால், விழுந்த காசைத் தேடுபவர்கள்போலப் போகிறார்கள். உயர்தரத்துப் பெடியன்கள் ஒற்றைத் தோளில் மாட்டி மறுபக்கம் சரிவார்கள்; எதிரே மாணவிகள் வந்தால் மட்டும் முள்ளந்தண்டு தானாக நிமிர்கிறது. காரணம் என் துறைக்குள் வராது.

எடையில் ஊகத்துக்கு இடம் வைக்கவில்லை. ஆறாம் ஆண்டு படிக்கும் என் பெறாமகளின் பையை வெங்காயம் நிறுக்கும் தராசில் தொங்கவிட்டேன்: 5 கிலோ 400 கிராம். அவள் 31 கிலோ. இந்தியாவின் 2020ஆம் ஆண்டுப் புத்தகப்பைக் கொள்கை உடல் எடையில் 10 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்கிறது. அதன்படி அவளுக்கு 3 கிலோ 100 கிராம்தான். மிச்சம் எப்படி வந்தது? இலங்கை அரசாங்கம் 1980 முதல் பாடநூல்களை இலவசமாகத் தருகிறது; சும்மா கிடைத்ததை வீட்டில் விட்டுப்போக எங்கள் ஊர் மனம் இடங்கொடாது. அதற்குமேல், பள்ளிக்கூடம் விட்டு நேரே போகவேண்டிய ரியூசனுக்கான கொப்பிகள், இடியப்பப் பெட்டி, ஒரு லீற்றர் தண்ணீர்ப் போத்தல். போத்தல் நிறையப் போய் நிறையவே திரும்பி வருகிறது.

ஓட்டம் தனி அதிகாரம். நடக்கும்போது உடம்போடு ஒத்துப்போன பை, மணியடித்து ஓடத் தொடங்கியதும் தனிக்கட்சி அமைக்கிறது. கால் ஊன்றி உடம்பு மேலே எழும்பும் நேரம் பை இன்னும் கீழே வந்துகொண்டிருக்கும். இரண்டும் சந்திக்குமிடம் நாரி. உள்ளே கொம்பாஸ் பெட்டி தாளம் போடும். பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்து லோரன்ஸ் ரோம் 2006இல் சுமையை இறப்பர்ப் பட்டிகளில் தொங்கவிட்டு, ஆள் ஏறி இறங்கினாலும் அது அதிகம் ஆடாதபடி செய்து காட்டினார். எங்கள் பிள்ளைகள் இறப்பருக்குக் காத்திருக்கவில்லை. ஒரு கை பின்னால் போய்ப் பையின் அடியைத் தாங்க, மறு கை வாரைப் பிடிக்கும். வீசக் கை மிஞ்சாததால் இடுப்பை வீசி, வாத்துப்போல, ஆனால் நல்ல வேகத்தில் கேற்றுக்குள் நுழைந்துவிடுவார்கள்.

சுமையைத் தலைக்கு மாற்றலாமா? கென்யாவின் லுவோப் பெண்கள் உடல் எடையில் ஐந்திலொரு பங்கைத் தலையில் வைத்து நடந்தும் மேலதிக சக்தி செலவாகவில்லை என்று 1986இல் நேச்சர் இதழில் ஓர் ஆய்வு வந்தது. கடகத்தில் மீன் கொண்டுவரும் அம்மாவிடம் இதை எடுத்துச் சொன்னேன். சும்மாட்டைச் சரிசெய்துகொண்டே, "அப்ப ஒருக்காத் தூக்கிப் பாருங்கோவன்" என்றார்.

கடகத்துக்குத் துணிவு வரவில்லை. ஞாயிறு பின்னேரம் பெறாமகளின் பையை மாட்டிக்கொண்டு சந்திப் பக்கம் நடந்தேன். நூறு யார் போகுமுன் தலை முன்னுக்குப் போயிற்று. துலாக் கோட்பாடு நிரூபணமாயிற்று. ஓட்டத்தையும் சோதிப்போம் என்று வேகமெடுத்தபோது, படலையடியில் நின்ற அயல்வீட்டு ஐயா கையைக் காட்டி மறித்தார்.

"தம்பி, விசா சரிவந்திட்டுதோ?"